ஐந்தோவனில் பிறந்த கை, கேலாங்கில்

பழைய ஐரோப்பிய சிடி பிளேயரின் மூடியைக் கழற்றிப் பார்த்தால் நடுவில் ஒரு சின்னக் கை தெரியும். சுண்டுவிரல் நீளம்தான். ஓர் அச்சில் பொருந்தியிருக்கும், அதன் ஒரு முனையில் மேல்நோக்கிய ஒரு வில்லை. தட்டு சுழலச் சுழல, அந்தக் கை தட்டின் அடியில் உள்ளிருந்து வெளிப்பக்கமாக நகரும். நகர்வது கண்ணுக்கே தெரியாது. பல்சக்கரம் கிடையாது, தண்டவாளம் கிடையாது. காந்தத்துக்கு இடையில் நிற்கும் கம்பிச்சுருளில் பாயும் மின்சாரம்தான் அதைப் பிடித்து நிறுத்துகிறது, நகர்த்துகிறது. பத்தாவது பாட்டைக் கேட்டால் ஒரே வீச்சில் அங்கே கொண்டுபோய் நிறுத்துவதும் அதுவே.

வீட்டில் பாட்டுக் கேட்க நல்ல சிடி டிரான்ஸ்போர்ட் தேடுகிறவர்கள் முன்பலகையின் பளபளப்பைப் பார்க்கிறார்கள், பெட்டியின் எடையைத் தூக்கிப் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது உள்ளே இருந்து படிக்கும் பொறியை. தட்டைச் சுழற்றி, அதில் பதிந்த எண்களைப் படித்து வெளியே அனுப்புவது மட்டுமே டிரான்ஸ்போர்ட்டின் வேலை. எண்களை ஒலியாக்குவது டேக் என்ற இன்னொரு பெட்டியின் பொறுப்பு. படிக்க மட்டுமே இருக்கும் பெட்டியில், படிக்கும் உறுப்பைத் தவிர வேறு எதைப் பார்த்து வாங்குவது?

நான் சொல்லும் கை சிங்கப்பூரின் கேலாங்கில் இருக்கிறது. கேலாங் சாலைக்கும் சிம்ஸ் அவென்யூவுக்கும் நடுவே ஓடும் ஒற்றைப்படை எண் லோரோங் (சந்து) ஒன்றில், கடைவீட்டின் மாடி அறையில். கீழே டுரியான் பருவத்தில் நடுநிசி தாண்டியும் கூட்டம் நிற்கும். மேலே 1990 வாக்கில் செய்த, முதுகில் பெல்ஜியம் என்று அச்சிட்ட ஒரு கறுப்புப் பெட்டி இளையராஜா தட்டுகளைப் படித்துக்கொண்டிருக்கிறது. அது இங்கே வந்து சேர்ந்த வழி நீளமானது.

நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில், 1979 மார்ச் 8ஆம் தேதி, பிலிப்ஸ் நிறுவனம் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு ஒரு சிறு தட்டிலிருந்து பாட்டு இசைத்துக் காட்டியது. அந்த முயற்சிக்கு உந்துதலாக இருந்தவர்களில் ஒருவர் லூ ஓட்டன்ஸ். 1963இல் உலகுக்கு ஒலிநாடா கேசட்டைத் தந்தவரும் அவர்தான். கேசட்டின் காலத்தைத் தொடங்கி வைத்த மனிதரே அதை முடித்து வைக்கும் வேலையிலும் கைகொடுத்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பு. அதே ஆண்டில் ஜப்பானின் சோனியும் பிலிப்ஸும் கைகோத்தன. 1980இல் இரு நிறுவனங்களும் சேர்ந்து விதிநூல் எழுதின. 12 சென்டிமீட்டர் தட்டு, 16 பிட், நொடிக்கு 44,100 மாதிரிகள், 74 நிமிடம்.

1982 அக்டோபர் 1 அன்று சோனியின் சிடிபி-101 ஜப்பானில் கடைக்கு வந்தது. பிலிப்ஸின் சிடி-100 அதைத் தொடர்ந்து வந்தது. தட்டை மேலிருந்து வைக்கும் சிறிய பெட்டி அது. பிலிப்ஸிடம் அப்போது 14 பிட் சில்லுதான் இருந்தது. மாதிரி எடுக்கும் வேகத்தை நான்கு மடங்காக்கி அந்தக் குறையை ஈடுகட்டினார்கள். ஆனால் சிடி-100இன் உண்மையான சாதனை, என் கணக்கில், அந்தச் சில்லில் இல்லை, ஆடும் கையில் இருக்கிறது. சோனி, லேசர் தலையை ஒரு வண்டியில் ஏற்றிப் பல்சக்கரம் வைத்து நேர்கோட்டில் நகர்த்தியது. பிலிப்ஸ் இசைத்தட்டு முள்ளின் கையைப் போல ஓர் அச்சில் ஆட விட்டது. தேய்வதற்கு அதில் பல்சக்கரம் இல்லை. நாற்பது ஆண்டு கழித்தும் இவை ஓடுவதற்கு முதல் காரணம் இதுதான்.

இந்தக் கை செய்யும் வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

தட்டின் அடியில் ஒரே ஒரு சுருள் பாதை. அதை நீட்டினால் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் வரும். பாதையின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு. பாதையில் குழிகள். 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர் கீழிருந்து பாய்ந்து, 1.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள பிளாஸ்டிக்கைத் தாண்டி அந்தக் குழிகளில் குவிகிறது. ஒளி தட்டின் மேற்பரப்பைத் தொடும்போது அதன் விட்டம் முக்கால் மில்லிமீட்டருக்கு மேல். குழியை எட்டும்போது இரண்டு மைக்ரானுக்குள் சுருங்கிவிடும். அதனால்தான் தட்டின் மேல் உள்ள தூசியும் மெல்லிய கீறலும் பெரும்பாலும் பாட்டைக் கெடுப்பதில்லை. லேசரின் கண்ணுக்கு அவை குவியாத மங்கல் நிழல்.

எந்தத் தட்டும் முழுத் தட்டையாக இருக்காது. சுழலும்போது மேலும் கீழும் அரை மில்லிமீட்டர் வரைகூட ஆடலாம். வில்லையோ ஓரிரு மைக்ரான் பிசகினாலே குவியம் போய்விடும். எனவே வில்லை நொடிக்குப் பலமுறை எழுந்து தாழ்ந்து தட்டைப் பின்தொடர்கிறது. அதோடு கை பக்கவாட்டில் பாதையை விடாமல் பிடித்திருக்க வேண்டும். சுழலும் வேகமும் மாற வேண்டும். உள்பக்கம் படிக்கையில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 500 சுற்று, வெளிவிளிம்பில் 200. இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் சமாளிப்பதுதான் சர்வோ. ஒரு டிரான்ஸ்போர்ட் நல்லதா இல்லையா என்பது முக்கியமாக இங்கேதான் தீர்மானமாகிறது.

படித்ததில் பிழை வந்தால் திருத்தவும் ஏற்பாடு உண்டு. எண்களைத் தட்டில் பதிக்கும்போதே வரிசை கலைத்துப் பரப்பி வைத்திருக்கிறார்கள். கூடவே ரீட்-சாலமன் கணக்குப்படி உதிரி எண்களும் உண்டு. பாதையில் இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்குத் தொடர்ந்து அழிந்தாலும் மூலத்தை அப்படியே மீட்டுவிடலாம். அதற்கும் மேல் சேதம் இருந்தால் பெட்டி முன்பின் மதிப்புகளைப் பார்த்து ஊகித்து நிரப்பும். இந்த எல்லை முக்கியம். நல்ல நிலையிலுள்ள தட்டை நூறு வெள்ளிப் பெட்டியும் பத்தாயிரம் வெள்ளிப் பெட்டியும் ஒரே எண்களாகத்தான் படிக்கும். கீறல் விழுந்த, வளைந்த, அச்சு மையம் தப்பிய தட்டில்தான் ஒன்று மீட்கும், மற்றொன்று ஊகிக்கும், இன்னொன்று தவ்வும்.

ஆடும் கையின் தலைமுறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிடிஎம்-1 உலோகத்தில் வார்த்தது, கனமானது, இன்றும் பலர் தேடி அலைவது. சிடிஎம்-2 அதைவிட எளிது, மலிவு. 80களின் கடைசியில் சிடிஎம்-4 வந்தது. பிலிப்ஸ், மராண்ட்ஸ் பெட்டிகளிலும் ஆங்கிலேயத் தயாரிப்பாளர்கள் பலரின் பெட்டிகளிலும் இருந்தது இதுதான். சிடிஎம்-9க்குப் பிறகு பிலிப்ஸும் நேர்கோட்டு வண்டிக்கு மாறிவிட்டது. சிடிஎம்-12 அந்த வகை. அதன் உயர்ரகமான சிடி-புரோ 2, விலை உயர்ந்த பெட்டிகளுக்குள் போய், பின்னர் அதன் உற்பத்தியும் நின்றது.

படிப்பதையும் ஒலியாக்குவதையும் இரண்டு பெட்டிகளாகப் பிரிக்கும் எண்ணம் 80களின் நடுவிலேயே வந்துவிட்டது. அதற்கு ஒரு பொதுக் கம்பி வேண்டும். சோனியும் பிலிப்ஸும் வகுத்த எஸ்/பிடிஃப் அந்த வேலையைச் செய்தது. முதுகில் ஆரஞ்சு அல்லது கறுப்பு வளையமிட்ட கோஆக்சியல் துளை இருந்தால் 75 ஓம் கம்பி. சிவப்பு ஒளி கசியும் சதுரத் துளை இருந்தால் தோஷிபா கொண்டுவந்த டாஸ்லிங்க் ஒளியிழை. இந்தத் துளைகளில் ஒன்று இருந்தாலே போதும், எந்தப் பழைய சிடி பிளேயரும் டிரான்ஸ்போர்ட் ஆகிவிடும். உள்ளே இருக்கும் பழைய ஒலிச் சில்லுகளைப் புறக்கணித்து எண்களை மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

சிங்கப்பூருக்கு பிலிப்ஸ் புதியதல்ல. 1951லிருந்து இங்கே இருக்கிறது. தோ பாயோவிலிருந்த அதன் தொழிற்சாலையில் வேலை பார்த்த தமிழர்கள் இன்றும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வட்டாரக் காப்பிக்கடைகளில் அந்தக் காலத்தைப் பேசுவார்கள். 80களின் பிற்பாதியில் ஹைஃபை பெட்டி வேண்டுமென்றால் கோல்மன் ஸ்திரீட்டின் அடெல்ஃபி, அவ்வளவு பணம் இல்லையென்றால் சிம் லிம் வட்டாரம். தட்டு வேண்டுமென்றால் தேக்கா. சிராங்கூன் சாலைக் கடைகளில் கேசட் அடுக்குகளுக்குப் பக்கத்தில் மெல்ல மெல்ல சிடி அடுக்கு வளர்ந்தது. அமெரிக்காவிலிருந்து ஓரியண்டல் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட தமிழ்த் திரைப்பாடல் தட்டுகள் அப்போது கேசட்டைவிடப் பல மடங்கு விலை. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ 1986இல் வந்தது, ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலோடு ‘நத்திங் பட் விண்ட்’ 1988இல். தமிழ் வீடுகளில் சிடி பிளேயர் நுழைய இந்த இரண்டும் நல்ல காரணங்கள். 1992இல் ‘ரோஜா’ வந்தபோது சிடி வாங்காதவர்களும் வாங்கினார்கள்.

அந்த முதல் பத்தாண்டுத் தட்டுகளை நான் விடாமல் காப்பதற்குக் காரணம் பழம்பொருள் ஆசை மட்டுமல்ல. பிற்காலத்தில் மறுபதிப்பு செய்தபோது உலகெங்கும் ஒலியை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே உரப்பில் நிறுத்தும் பழக்கம் வந்தது. மெல்லிய வயலின் நுழைவுக்கும் முழு வாத்தியக் குழு எழும் இடத்துக்கும் இருந்த தூரம் அதில் குறைந்துபோனது. பழைய தட்டில் அந்தத் தூரம் இருக்கிறது. அதைக் கேட்க அந்தத் தட்டைப் படிக்கும் பொறி வேண்டும்.

பிறகு எம்பி3 வந்தது, கைப்பேசி வந்தது. சிடி பிளேயர் வரவேற்பறையிலிருந்து சாமான் அறைக்குப் போனது, அங்கிருந்து கராங் குனிக்காரரின் தள்ளுவண்டிக்கு. ஹாரன் ஒலித்து வீவக மாடிகளின் நடைபாதையில் வரும் அவர்கள் பழைய தாளோடு பழைய மின்பொருளையும் சில வெள்ளிக்கு வாங்கிப்போவார்கள். அப்படிப் போனவை சுங்கை சாலைப் பழம்பொருள் சந்தையில் தார்ப்பாயின் மேல் வந்து அமர்ந்தன. அந்தச் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது. இப்போது இந்தப் பெட்டிகள் கேரோசெல் செயலியில் கைமாறுகின்றன. அல்ஜுனிட் எம்ஆர்டி வாசலில் பையோடு ஒருவர் நிற்பார், பேநவ்வில் பணம் போகும், பெட்டி வீட்டுக்கு வரும். கேலாங் மாடியிலுள்ள கறுப்புப் பெட்டியும் அப்படி வந்ததுதான். முதலில் வாங்கியவரின் பிள்ளைகள் வீடு மாற்றும்போது விற்றார்கள்.

அதைத் திறந்து பார்த்துச் சரிசெய்தவர், மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர். நான் மேசை மேல் குனிந்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

“தம்பி, லென்ஸுக்கு நேரா கண்ண வைக்காதீங்க. மங்கலா செவப்பாத்தான் தெரியும், பயப்பட ஒண்ணுமில்லைன்னு தோணும். ஆனா கண்ணுக்கு ஆகாது.”

“இது இன்னும் எத்தன வருஷம் ஓடும் அண்ணே?”

“இருங்க, அதுகிட்டயே கேப்போம்.”

அலைகாட்டியின் முனையை ஒரு சோதனைப் புள்ளியில் வைத்தார். திரையில் வைர வடிவங்கள் ஒன்றையொன்று பின்னி வரிசையாக எழுந்தன. லேசர் தட்டிலிருந்து எடுத்துவரும் மூல அலை அது. தொழிலில் இருப்பவர்கள் ஐ பேட்டர்ன் என்பார்கள். வைரங்களின் நடுவெளி சுத்தமாக, விளிம்பு கூர்மையாக, உயரம் ஏறக்குறைய 1 வோல்ட் இருந்தால் லேசர் உயிரோடு இருக்கிறது. நடுவெளி புகை படிந்தது போல் மங்கினால் முதலில் வில்லையில் அழுக்கு, அடுத்துக் குவியத்தில் பிசகு, கடைசியில்தான் லேசர் சோர்வு என்று சந்தேகிக்க வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. பஞ்சுக்குச்சியில் ஒரு துளி ஐசோபுரொப்பில் ஆல்கஹால் தொட்டு வில்லையைத் துடைத்ததுமே வைரங்கள் தெளிந்தன. லேசர் நன்றாகத்தான் இருந்தது.

மற்றவை வயதின் வேலைகள். தட்டுத் தாங்கியை இழுக்கும் ரப்பர் பட்டை தளர்ந்திருந்தது, அதற்கு விலை ஓரிரு வெள்ளி. பழைய கிரீஸ் இறுகிப் பிசினாகியிருந்தது. சர்வோ பலகையின் எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகள் முப்பது ஆண்டில் வறண்டுபோவது இயல்பு, அவற்றையும் மாற்றினார். நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்குத் தட்டுகளையும் பெட்டியையும் காற்றில்லாத அலமாரியில் அடைத்து வைப்பது கெடுதல். மாதம் இரண்டு மூன்று முறையாவது ஓட்டிக்கொண்டிருப்பது நல்லது. ஓடும் பெட்டியின் உள்சூடே ஈரத்தை விரட்டும்.

பழையது வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைப் பெட்டிகள் அழகாக, மலிவாக இங்கே வருகின்றன. அவை 100 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் சுவரில் வருவது 230. நேராகச் செருகினால் பெட்டி புகையாகும். நல்ல ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மரின் விலையையும் எடையையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

சரிசெய்த பெட்டிக்கு அடுத்த படி டேக். முன்னேற்றம் காதுக்குத் தெளிவாகத் தெரிவது இங்கேதான். 1990இன் ஒலிச் சில்லுகளில் சிலவற்றுக்கு இன்றும் ரசிகர்கள் உண்டு, அவற்றின் ஒலி எனக்கும் பிடிக்கும். ஆனால் இன்றைய நடுத்தர டேக், கம்பி வழி வரும் எண்களின் நேரத் தடுமாற்றத்தைத் தன் சொந்தக் கடிகாரத்தால் சீர்செய்துவிடுகிறது. ஜிட்டர் என்று சொல்லி மூன்று மடங்கு விலைக்கு டிரான்ஸ்போர்ட் விற்கும் பேச்சுக்கு அதனால் பழைய வலு இல்லை. கம்பியும் அப்படித்தான். உண்மையிலேயே 75 ஓம் கோஆக்சியல் கம்பியாக இருந்தால் போதும், அதற்குமேல் கொடுக்கும் பணத்தை ஸ்பீக்கருக்கு வைத்துக்கொள்ளலாம்.

டேக் வாங்கும்போது ஒரு சோதனையை மட்டும் தவறவிடக் கூடாது. 80களின் தட்டுகள் சிலவற்றில் உயர் சுரங்களைத் தூக்கிப் பதிந்து, இசைக்கும்போது இறக்கும்படி ஒரு குறிப்பும் வைத்திருப்பார்கள். பிரி-எம்பசிஸ் என்று அதற்குப் பெயர். பழைய பிளேயர்கள் குறிப்பைப் படித்துத் தாமே இறக்கிவிடும். டிரான்ஸ்போர்ட்டும் அந்தக் குறிப்பை எண்களோடு சேர்த்து அனுப்பும். ஆனால் இன்றைய டேக்குகளில் சில அதைக் கவனிப்பதே இல்லை. விளைவு, சலங்கையும் வயலினும் காதைக் குத்தும். கேட்பவர் தட்டைக் குறை சொல்வார், டிரான்ஸ்போர்ட்டை மாற்றுவார், கோளாறு போகாது. கணினியில் நகலெடுத்து வைத்தாலும் பல வேளைகளில் அந்தக் குறிப்பு தொலைந்துபோகிறது. பழைய தட்டு நிறைய வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுத் தெளிந்த பிறகே டேக் வாங்க வேண்டும்.

புதிய பெட்டிதான் வேண்டும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. 2015இல் வந்த கேம்பிரிட்ஜ் ஆடியோ சிஎக்ஸ்சி, அதன் பிறகு ஆடியோலேப் 6000சிடிடி, அதற்கும் பின் டியாக் பிடி-505டி ஆகியவை சிடியைப் படிப்பதற்கென்றே செய்தவை. பழுதின்றி, உத்தரவாதத்தோடு, சத்தமில்லாமல் தட்டு கேட்க வேண்டும் என்பவருக்கு இவை போதும். இன்னும் மேலே போனால் ஒரு சுவையான திருப்பம். சீனாவின் ஜேஸ் ஆடியோ தன் சிடிடி2 வரிசையில் வைப்பது நம் ஆடும் கையையே, அதே சிடிஎம்-4ஐ. சிடிடி3இல் வைப்பது சிடி-புரோ 2. ஐந்தோவனில் வரைந்த பொறி சீனாவில் புதிய உடம்புக்குள் புகுந்து, சிங்கப்பூரிலுள்ள வின்ஷைன் ஆடியோ நிறுவனத்தின் வழியாக உலகின் பல ஊர்களுக்கும் போகிறது.

அழகான வேலைதான். ஆனால் உற்பத்தி நின்ற லேசரைச் சுற்றிக் கட்டிய விலை உயர்ந்த பெட்டி, கையிருப்பு உதிரி தீர்ந்த நாளில் என்ன ஆகும் என்று விற்பவரிடம் நேராகக் கேட்க வேண்டும். பழையது வாங்குகிறவருக்கும் அதே கேள்விதான். உள்ளே இருக்கும் லேசரின் எண் என்ன, அது இன்று எங்கே கிடைக்கும், மாற்ற யார் இருக்கிறார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் பெட்டி எவ்வளவு பழையதானாலும் வாங்கலாம். இல்லாவிட்டால் எவ்வளவு கனமான அலுமினியமானாலும் விட்டுவிடலாம். என் பரிந்துரை இது: கையில் இருப்பதை முதலில் துடைத்துச் சரிசெய்யுங்கள், அதற்கு ஒரு நல்ல டேக் சேருங்கள், லேசர் உண்மையிலேயே தளர்ந்த பிறகு புதிய டிரான்ஸ்போர்ட்டைப் பற்றி யோசியுங்கள்.

உங்கள் வீட்டுச் சாமான் அறையிலும் ஒரு பழைய சிடி பிளேயர் இருக்கக்கூடும். கராங் குனிக்காரரிடம் கொடுப்பதற்கு முன் அதை ஒருமுறை திருப்பி முதுகைப் பாருங்கள். கோஆக்சியல் துளையோ ஒளித் துளையோ இருந்தால் கொடுத்துவிடாதீர்கள். அதோடு அங்கே அட்டைப்பெட்டியில் கிடக்கும் தமிழ்த் தட்டுகளையும் எடுத்து வையுங்கள்.